கார், லாரி இல்லாத சைக்கிள் பாதை நெல்லைச் சீமையில் உண்டா?

நண்பர் கேட்டிருப்பது இது: தாமும் தம் மனைவியும் ஐம்பதைக் கடந்தவர்கள், வெளிநாட்டில் இருந்த காலத்தில், கைவிடப்பட்ட ரயில் தடங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் சைக்கிளுக்கென்றே விடப்பட்ட பாதைகளில் நாள்கணக்கில் ஓட்டிப் பழகியவர்கள், இப்போது ஊர் திரும்பிவிட்டார்கள், நாலைந்து நாள் திருநெல்வேலிப் பக்கம் அப்படி ஒரு பயணம் போக முடியுமா, முடியுமென்றால் எங்கே, எந்த மாதத்தில், டிசம்பர் சரிப்படுமா என்பது அவருடைய கேள்வி. சொற்களை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். சைக்கிளுக்கென்று ஒதுக்கி, பலகை நட்டு, மற்ற வண்டிகளைத் தடுத்த கிராமப்புறப் பாதை எதுவும் நான் ஓட்டித் திரிந்த பகுதியில் இல்லை. ஆனால் அவர் உண்மையில் கேட்பது பலகையை அன்று; காதருகே லாரியின் ஹாரன் அலறாமல், பின்னால் பேருந்து வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல், ஒரு முழுப் பகலைச் சைக்கிள் மேல் கழிக்க முடியுமா என்பதையே. அதற்கு முடியும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி சைக்கிள் பயணி என்பதால் வந்ததன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஜீப் கிடைக்கும் நாளைவிடக் கிடைக்காத நாளே அதிகம் என்பதால், தாமிரபரணியின் கால்வாய்க் கரைகளைப் பெரும்பாலும் சைக்கிளில்தான் பார்வையிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. ஆகவே நான் பேசப்போவது ஆற்றையும் அதன் கால்களையும், அதாவது அதிலிருந்து பிரியும் கால்வாய்களையும், ஒட்டிய நாட்டைப் பற்றியே. சங்கரன்கோவில் பக்கத்தையோ கோவில்பட்டிக் கரிசலையோ அந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. அங்கெல்லாம் நான் விருந்தாளியாகப் போய் வந்தவன் மட்டுமே.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. மொத்த ஓட்டம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழையவை; கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றோ இரண்டோ கால்கள் பிரிந்து, ஆற்றை விட்டு மெல்ல விலகி, அதற்கு ஏறத்தாழ இணையாகவே கிழக்கு நோக்கிப் போகின்றன. ஆறு பள்ளத்தில் இறங்கி ஓட, கால் மேட்டிலேயே தங்கிச் செல்லும். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வயலுக்குத் தண்ணீர் பாயும். அதனால் கால்வாயின் சரிவு கண்ணுக்கே தெரியாது. அந்தச் சரிவு அப்படியே கரைக்கும் வந்துவிடுவதால், கரையில் சைக்கிள் மிதிப்பவருக்கு ஏற்றம் என்ற ஒன்றே கிடையாது. அதோடு, மடைகளைப் பார்த்துத் திறந்து மூட ஆள் நடக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கரையையாவது அகலமாகப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டில் உங்களுக்காகத் தனியாக அமைத்துக் கொடுத்ததை, இங்கே தண்ணீர் தனக்காக அமைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கன்னடியன் காலைத்தான் சொல்வேன். கல்லிடைக்குறிச்சிக்கு அருகே பிரிந்து, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை ஊர்களை ஒட்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இதை வெட்டிய கதை ஒன்று ஊரில் உண்டு. ஒரு கன்னடியருக்குப் பெரும் பொன் கிடைத்ததாம்; அதைத் தருமத்தில் செலவிட நினைத்து, ஒரு பசுவை முன்னே விட்டுப் பின்னே நடந்தாராம். பசு நடந்த தடத்தில் வாய்க்காலும், அது கோமியம் விட்ட இடங்களில் மடையும், படுத்த இடங்களில் குளமும் வெட்டினாராம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பிறகு மட்டக்கருவி வைத்து அந்தக் கரையில் அளவெடுக்க நேர்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேய்ந்துகொண்டே போகும் மாடு மேட்டில் ஏறாது, பள்ளத்திலும் இறங்காது, சரிவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போகும்; கால்வாய் வெட்டுபவன் தேடுவதும் அந்தக் கோட்டைத்தான். கதை நடந்ததா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் மாடு போன வழி சைக்கிளுக்கு ஏற்ற வழி என்பதை என் முழங்கால்கள் சொல்லும்.

எந்தக் கரையில் ஓட்டுவது என்பது புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை. கன்னடியன் கால் ஆற்றுக்குத் தெற்கே ஓடுகிறது. வயல் இருப்பது கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில், அதாவது வடபுறம். ஆகவே மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையும் வடகரைதான், மடைகள் இருப்பதும் அதில்தான், ஆள் நடமாட்டத்தால் தடம் தேய்ந்திருப்பதும் அங்கேதான். தென்கரை பல இடங்களில் வெறும் தரை; சீமைக் கருவேல் அடைத்துக்கொண்டு, திடீரென்று தடமே இல்லாமல் போய்விடும். பொதுவாக, ஆற்றைப் பார்த்திருக்கும் கரையே நல்ல கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்தே வழி தேட வேண்டுமென்றால், கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பச்சை முடிந்து செம்மண் நிறம் தொடங்கும் கோட்டைப் பாருங்கள். கோடு கிழித்ததுபோல ஒரு பக்கம் நஞ்சை, மறுபக்கம் புஞ்சை என்று இருக்கும். அந்தக் கோடுதான் கால்வாய்.

தடம் எப்படியிருக்கும் என்பதில்தான் நான் கவனமாகப் பேச வேண்டும். ஊரை ஒட்டிய இடங்களில் சில இடத்தில் சிமெண்டுத் தளமோ தாரோ போட்டிருக்கிறார்கள். ஊரைக் கடந்ததும் மண்தடம். நடுநடுவே டிராக்டர் சக்கரம் பதிந்த இரட்டைப் பள்ளம். மோட்டார் சைக்கிள்கள் வரும். மாட்டுக்காரர், அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஆட்டை ஓட்டிப் போகிறவர், வாத்துக்காரர் எல்லோரும் வருவார்கள். காரும் லாரியும் வராது. வந்தால் திரும்ப இடமில்லை. ஆனால் கரை என்பது போட்டபடியே இருக்கும் சாலை அன்று. ஒரு மழைக்காலத்தில் உடையும், மணல் மூட்டை அடுக்குவார்கள், அடுத்த கோடையில் மண் கொட்டிச் சரிசெய்வார்கள். போன தை மாதம் ஓட்டிய தடம் இந்தத் தை மாதம் அப்படியே இருக்கும் என்று நானும் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யாரோ பதிந்து வைத்த வழித்தடக் கோப்பை மட்டும் நம்பிக் கரையில் இறங்குவதும் அதனாலேயே சரியன்று.

கோப்பைவிட நல்ல வழிகாட்டி லஸ்கர்தான். கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர் அவர். ஷட்டர் திருகும் கனத்த இரும்புச் சாவியைச் சைக்கிள் கேரியரிலோ மொபெட்டிலோ வைத்துக்கொண்டு வருவார். கரையில் மிதித்தால் தாங்கும் மண் எது, தாங்காத மண் எது என்பது அவருக்கு மனப்பாடம். பல வருடங்களுக்கு முன், இருட்டுவதற்குள் வீடு சேரும் அவசரத்தில் நான் ஒரு மடையைக் கடக்கப்போனபோது, "சார், அங்ஙன போவாதிய, கரை உள்வாங்கிருக்கு" என்றார் ஒருவர். பாசனப் பிரிவுக்காரனுக்கே கரையைப் பற்றிச் சொல்கிறாரே என்ற மிடுக்கில் போனேன். மடைமேல் போட்டிருந்த பலகைக்கல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. முன்சக்கரம் அந்த இடுக்கில் இறங்கியது. நான் தண்ணீரில் இருந்தேன், சைக்கிள் கரையில் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர் என்பதால் தப்பினேன். கால்வாயில் வேகமும் ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். ஷட்டரை ஒட்டிய இடங்களில் நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. மடை ஒவ்வொன்றிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது ஒன்றும் மானக்கேடு இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதை நான் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, மரியாதையாகச் சொல்கிறேன். கால்வாய் என்பது அந்த ஊர்களுக்குக் குளியலறை. காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரையில் ஊர்ப் படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டும், துணியைக் கல்லில் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். படித்துறை தெரியும் தூரத்திலேயே மணி அடித்து, இறங்கி, முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளிப் போக வேண்டும். நின்று படம் எடுப்பது பெருந்தவறு. உங்கள் மனைவி முன்னே போவது நல்லது. "ஏ, யாரோ வாராவ" என்று ஒரு குரல் எழுந்து, எல்லோரும் சுதாரித்துக்கொண்ட பிறகு நீங்கள் போகலாம். இன்னும் எளிது, அந்த நேரத்தில் கரையை விட்டு ஊருக்குள் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் கரை ஏறுவது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயும் வாசல்களையும், காருகுறிச்சியில் மண்பாண்டச் சூளைகளையும், பத்தமடையில் கோரைப்பாய்த் தறிகளையும் பார்க்க அந்த நேரமே போதும். சட்டப்படி பார்த்தால் கரை அரசுப் புறம்போக்கு. சைக்கிளில் போகக் கூடாது என்று என்னை யாரும் தடுத்ததில்லை, நானும் யாரையும் தடுத்ததில்லை. அதே வேளையில், அங்கே ஓட்டும் உரிமை என்று நீங்கள் எதையும் காட்ட முடியாது. வேலை நடக்கும் இடத்தில் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

நாலைந்து நாளைப் பற்றிக் கேட்டிருப்பதால், அம்பாசமுத்திரத்தில் தொடங்கச் சொல்வேன். தங்க விடுதி இருக்கிறது, ஆற்றைக் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. முதல் நாள் கன்னடியன் கரையில் வீரவநல்லூர் வரையில் மட்டும் போய், அங்கிருந்து வடக்கே இறங்கித் திருப்புடைமருதூருக்குப் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறச் சுவர் ஓவியங்களுக்காகப் புகழ்பெற்றது. கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 2005இல் அந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். பெரிய மருதமரங்களின் நிழலில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால், திரும்ப வேண்டும் என்ற நினைப்பு வராது. இரண்டாம் நாள் விட்ட இடத்திலிருந்து சேரன்மகாதேவி, பத்தமடை. அதற்குக் கிழக்கே பாளையங்கால் கரையும் இருக்கிறது. ஆனால் மேலப்பாளையத்தை நெருங்க நெருங்கக் கரை தெருவாகி, தண்ணீரும் சாக்கடையாகிவிடுகிறது. மாநகருக்குள் அமைதியான வழி என்று ஒன்றைக் காட்டி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அந்தப் பகுதியைச் சைக்கிளை ஏற்றும் ஒரு சுமை ஆட்டோவில் கடந்துவிடுங்கள்.

மறுபடி அமைதி தொடங்குவது ஸ்ரீவைகுண்டத்தில். நவதிருப்பதி எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரண்டு கோயில்கள் உள்ள இரட்டைத் திருப்பதி ஆகியவை ஆற்றின் வடபக்கம். ஆழ்வார்திருநகரியும் திருக்கோளூரும் தென்திருப்பேரையும் தென்பக்கம். காரில் வருபவர்கள் ஒன்பதையும் அரை நாளில் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். சைக்கிளுக்கு இரண்டு நாள் தேவை, அதுவே சரியான அளவு. ஊருக்கு ஊர் வாழைத் தோப்பும் நெல்வயலும் குளத்தங்கரையும்தான். ஒருவழி அகலமே உள்ள ஊராட்சி ஒன்றியச் சாலைகள், மினி பஸ் வந்து போன பிறகு ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கும். குளத்தங்கரைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்தப் பகுதியில் குளங்களும் கால்வாய்க் கரைகளும் பல இடங்களில் உடைந்தன. அதன்பின் அடைத்திருக்கிறார்கள். அடைத்த இடங்களைப் பாதி நான் பார்த்தேன், மீதியைப் பார்க்கவில்லை. எனவே ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் கரைகளில் தொடர்ந்து ஓட்டலாம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஒன்றியச் சாலையில் போய், கரை நன்றாகத் தெரியும் இடத்தில் ஏறிப் பாருங்கள்.

மலையடிவாரம் அழகில் இவற்றையெல்லாம் தோற்கடிக்கும். ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம், கடையம் என்று போகும் வழியில் மேற்கே மலை சுவர்போல நிற்கும். ஆனால் அங்கே கரடியும் காட்டுப்பன்றியும் ஊர் ஓரம் வரையில் இறங்குகின்றன. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் ஓட்டாதீர்கள். பாபநாசம் சோதனைச் சாவடிக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சைக்கிளைக் கொண்டுபோய் அங்கே வாதாடி நிற்பதில் பொருளில்லை. குற்றாலச் சீசனில், அதாவது ஆனி, ஆடி மாதங்களில், தென்காசி, கடையம் பக்கச் சாலைகள் சுற்றுலா வண்டிகளால் நிறைந்துவிடும். தெற்கே மூலைக்கரைப்பட்டி, கூந்தன்குளம் பக்கம் சாலைகள் வெறிச்சென்று இருக்கும்; 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் தை, மாசியில் பறவை பார்க்கலாம்; நிழல் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டை நடந்து பாருங்கள். அந்தச் செம்மணலில் சைக்கிளை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

மாதம் என்று கேட்டால் பொங்கல் கழிந்ததிலிருந்து மாசி நடுப்பகுதி வரையில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கரை இறுகியிருக்கும், கால்வாயில் தண்ணீர் ஓடும், பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும். மாசிக் கடைசியில் அறுவடை தொடங்கிவிட்டால் சின்னச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள், நெல்மணி வீணாவது ஒருபுறம், சக்கரமும் வழுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் டிசம்பர் எனக்குப் பிடிக்கவில்லை. ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் கரைகள் மறுபடி உயிர்பெறும், ஆனால் அப்போது மேல்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் காற்று அது. இந்த நாட்டில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். ஆடியில் மேற்கு நோக்கி மிதித்தால், சமதரையிலும் மலையேறுவதுபோல இருக்கும். எந்த மாதமானாலும் மேலே தொடங்கித் தண்ணீரோடு கிழக்கே இறங்கி வருவதே இந்த ஆற்றங்கரைப் பயணத்தின் முறை. காலை வெயில் முகத்தில் அடிப்பது ஒன்றுதான் அதில் குறை, விளிம்பு வைத்த தொப்பி இருந்தால் அதுவும் இல்லை.

சைக்கிளைப் பற்றி மூன்று விஷயம் மட்டும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இங்கே ஆகாது. 38, 40 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். சீமைக் கருவேல் முள் அந்த டயரையும் துளைக்கும், ஆகவே டயருக்கும் டியூபுக்கும் நடுவே முள்தடுப்புப் பட்டை போட்டு, ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்து வாருங்கள். முள்ளைப் பிடுங்கிவிட்டு உடனே புது டியூபை மாட்டாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், முறிந்த முனை உள்ளேயே இருக்கும், அடுத்த டியூபும் அரை மணியில் போய்விடும். மூன்றாவது, வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடைகள் இப்போது பைக்குகளுக்கானவை. அவர்களுடைய காற்றுக்குழாய் மோட்டார் சைக்கிள் வால்வில்தான் பொருந்தும். வெளிநாட்டுச் சைக்கிளின் ஒல்லியான வால்வைக் கண்டு கடைக்காரர் உங்களைவிட அதிகமாக வருந்துவார். அதற்கான சின்னப் பித்தளை இணைப்பு ஒன்றும் கைப்பம்பு ஒன்றும் பையில் இருக்கட்டும்.

வழி கேட்கும்போதும் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "சேரன்மகாதேவிக்கு எப்படிப் போகணும்?" என்றால், விருந்தாளியை மண்ணில் விடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லோரும் உங்களைத் தார்ச்சாலைக்குத்தான் அனுப்புவார்கள். "கரை வழியா பைக் போகுமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். "போகும்" என்றால் ஓட்டுங்கள். "போகும், ஆனா..." என்று இழுத்தால், அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதை முழுவதும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.